மூன்றாவது கப்பல்

பிரிண்டரின் தலை இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காகிதம் ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. ஓரின் ஹோவ்லண்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டு, காப்பிக் கோப்பையை முழங்காலில் வைத்தபடி, இறங்கி வரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சாம்பல் நிற வானம் வந்தது. வானம் முடிவதற்குள் காப்பி ஆறிவிட்டது.

"இன்னுமா வானம் முடியல?" என்று வெட்டும் மேசையிலிருந்து வெர்னா கேட்டாள்.

"பெரிய வானம் தாயே. இதுக்கு அப்புறம் பனி, பனிக்கு அப்புறம்தான் கப்பல்."

"கப்பல் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு மூட்டு வலி வந்துரும். நீ உக்காந்துட்டு இருக்க, நான்தானே நிக்கறேன்."

படத்தில் இருந்தது இரும்புத்தாது ஏற்றும் நீளக் கப்பல். டிசம்பர் மாத அந்தியில், பனி கொட்டக் கொட்ட, ஏரியிலிருந்து கால்வாய்க்குள் நுழைகிறது. ஏரிக்கரைத் துறைமுக ஊரான டுலூத்தில் கேமரா வைத்திருப்பவர்களில் இந்தக் காட்சியை எடுக்காதவர் யாரும் இல்லை. அதனால் ஊரில் நல்ல கப்பல் படங்கள் குறைவு. இது நல்ல படம். எடுத்தவர் விறைத்துப்போன விரலோடு ரொம்ப நேரம் காத்திருந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரியும்.

இப்போதெல்லாம் புகைப்படக்காரர்கள் முடிந்த படத்தை அனுப்புவதில்லை. ரா ஃபைலைத்தான் அனுப்புகிறார்கள். கேமராவுக்குள் விழுந்த வெளிச்சத்தை அப்படியே அள்ளி வைத்திருக்கும் கோப்பு அது. பிசைந்து வைத்த மாவு மாதிரி. இன்னும் ரொட்டி ஆகவில்லை. அதைப் படமாக மாற்ற ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், அதன் முன்னால் உட்கார ஓர் ஆள் வேண்டும். பனியின் வெள்ளையில் எவ்வளவு நீலம் தங்கலாம், இருட்டில் பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளிகளில் எதைத் துடைக்கலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று ஒவ்வொரு படத்துக்கும் அவர் முடிவு செய்ய வேண்டும். ஆம்டால் பிரிண்ட் கடையில் அந்த ஆள் ஓரின். காகிதச் சுருளைத் தூக்கி மாட்டுவது, அச்சடிப்பது, வெட்டுவது, பலகையில் ஒட்டுவது எல்லாம் வெர்னா.

முதலாளி கர்ட் ஆம்டால் போன திங்கள்கிழமை இருவரையும் கூப்பிட்டான். அப்பனிடமிருந்து கடையை வாங்கியவன். கெட்டவன் இல்லை, கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். மலை மேல் கட்டும் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குத் தாழ்வாரம் தாழ்வாரமாகப் பெரிய படங்கள் கேட்கிறார்கள் என்றான். இவ்வளவு பெரிய வேலை கடைக்கு வந்ததே இல்லை.

"பழைய சாஃப்ட்வேர் புதுக் கேமரா ஃபைலையே தொறக்க மாட்டேங்குது. ஓரின் ஒவ்வொண்ணையும் சுத்தி வளைச்சு மாத்திட்டு இருக்காரு. வேற பாக்கணும். மூணு இருக்கு. ஒரே படத்தை மூணுலயும் போட்டு அடிங்க. செவுத்துல மாட்டுவோம். எது நல்லாருக்கோ அது."

"யாரு சொல்றது நல்லாருக்குன்னு?" என்று வெர்னா கேட்டாள்.

"நாம எல்லாரும்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து ஜோலீனும் வராங்க." கர்ட் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டான். "ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். மூணாவது சாஃப்ட்வேர் எல்லாத்தையும் தானாவே பண்ணிடும். அதை எடுத்தா ஃபைலுக்கு ஒரு ஆள், பிரிண்டுக்கு ஒரு ஆள்னு வச்சுக்க முடியாது. ஒளிச்சு வச்சுச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்ல."

அவன் போன பிறகு இருவரும் தத்தம் மேசைக்குத் திரும்பினார்கள். இருவரில் ஒருவர்தான் தங்கலாம் என்றால் அது யார் என்பதில் சந்தேகம் இல்லை. ஓரினுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சுருளைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெர்னாவுக்கு ஒரு பட்டனை அழுத்தத் தெரியும்.

ஓரினுக்கு வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை. அவருடைய மனைவி கார்லிஸின் ஊசி அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கார்லிஸ் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கைமூட்டுகள் வீங்கி விரல்கள் மடங்காமல் போன பிறகு நின்றுவிட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. போட்டால் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்வாள், வாணலியைத் தூக்குவாள். தவறினால் கதவுக் குமிழைக்கூடத் திருக முடியாது. ஊசியின் விலையைக் கேட்டால் கார் விற்பவனே தலையைச் சொறிவான். கடையின் இன்சூரன்ஸ் அதைக் கட்டியது. அரசாங்கம் முதியவர்களுக்குத் தரும் இன்சூரன்ஸுக்கு இருவருக்கும் இன்னும் வயது வரவில்லை.

ஆக, தன்னை வெளியே அனுப்பக்கூடிய சாஃப்ட்வேரைத் தானே சோதித்துப் பார்க்கிற வேலை ஓரினுக்கு வாய்த்தது. வேறு யாருக்கும் அது செய்யத் தெரியாது.

முதலாவதைப் பழைய சாஃப்ட்வேரின் தம்பி என்று சொல்லலாம். ஓரினுக்குக் கை பழகியது. இரண்டாவதுக்கு மாத வாடகை. நிறம் அருமையாக வந்தது, ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கூடவே உட்கார வேண்டும். அவை இரண்டிலும் கப்பலை முடிக்க அவருக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. மூன்றாவதில் கோப்பைப் போட்டு, எத்தனை அடி அகலம் என்று மட்டும் சொன்னார். அவர் மூக்கைச் சிந்திவிட்டு வருவதற்குள் படம் தயாராக இருந்தது.

மூன்றும் உலர்ந்ததும் வெர்னா பின்சுவரில் வரிசையாக மாட்டினாள். எது எந்த சாஃப்ட்வேர் என்று பின்பக்கம் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது. கர்ட்டின் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஒரு வழக்கம். படம் கடையை விட்டுப் போவதற்கு முன் வேலைக்காரர்கள் ஒவ்வொரு மூலையையும் உருப்பெருக்கும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சுவரில் மூக்கு இடிக்கிற தூரம். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்க்கப் பழகினார்கள், பிறகு வேறு மாதிரி பார்க்க அவர்களுக்கு வரவில்லை. வெர்னா கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஃபோட்டோ ஆல்பத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டுதான் பார்ப்பாள் என்று ஓரின் கேலி செய்வதுண்டு.

வெர்னா மூன்றாவது படத்தில் லென்ஸை வைத்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"பெரிசு, இங்க வா. கப்பலுக்கு என்னமோ பேரு வச்சிருக்கு பாரு."

ஓரின் குனிந்தார். கப்பலின் முகப்பில் பனிக்குள் மங்கலாக இருந்த பெயரை சாஃப்ட்வேர் தெளிவாக்கியிருந்தது. அழகான, கூரான எழுத்துகள். ஆனால் அவை எந்த மொழியிலும் எழுத்துகள் இல்லை. மேல்தளத்துக் கம்பிகள் இரண்டு காற்றிலேயே தொடங்கிக் காற்றிலேயே முடிந்தன. கால்வாய்க் கரையின் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று கப்பலைப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு முகம் தெரியாத இடத்தில் ஒரு முகம் வந்திருந்தது. அது அவளுடைய முகமாக இருக்க வாய்ப்பில்லை.

"இல்லாததெல்லாம் போட்டிருக்கு," என்றார் ஓரின். அவருடைய குரலில் அந்த வாரத்தில் முதல் முறையாக ஒரு தெம்பு.

"பக்கத்து ரெண்டையும் பாரு. பேரு மங்கலா இருந்தாலும் பேரா இருக்கு." வெர்னா லென்ஸை ஏப்ரனில் துடைத்தாள். "இருந்தாலும் எதுக்கும், மூணாவதுல நிறத்தைக் கொஞ்சம் கெடுத்துத் திரும்ப அடிச்சுடலாமா? பனியில கொஞ்சம் பச்சை ஏத்திட்டா போதும். யாருக்குத் தெரியப் போவுது."

"வேண்டியதில்ல."

"நல்லவனா இருக்கறதுக்கு இதுவா நேரம்?"

"நல்லவன் ஒண்ணும் இல்ல. வேண்டியதே இல்லங்கறேன். அதுவே தன் கழுத்துல கயித்த மாட்டிக்கிச்சு. நாம எதுக்கு இழுக்கணும்?"

அன்று சாயங்காலம் வீட்டில் காட்டரிசிச் சூப் குடித்துக்கொண்டே ஓரின் கார்லிஸிடம் அந்த எழுத்துகளைப் பற்றிச் சொன்னார். கார்லிஸ் ஸ்பூனைக் கையில் பிடித்தபடி கேட்டாள். அது நல்ல வாரம். ஸ்பூன் கையில் நின்றது.

"அப்ப பயம் இல்லன்னு சொல்ற."

"எழுத்தே தப்பா இருக்கற படத்தை எவன் வாங்குவான்?"

"போன மாசம் லாண்டரி சீட்டுல நம்ம பேரைத் தப்பா எழுதினான். வாங்கிட்டுத்தானே வந்த?"

"அது துணி. இது படம்."

கார்லிஸ் அவருடைய கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். அவருடைய தெம்பைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஜோலீன் வியாழக்கிழமை வந்தாள். ஆஸ்பத்திரிக்கு நாற்காலி, திரைச்சீலை, படம் எல்லாம் வாங்குகிற பொறுப்பு அவளுடையது. பூட்ஸில் இருந்த பனியைக் கால்மிதியில் தட்டினாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கதவருகே நின்றபடியே சுவரைப் பார்த்தாள். ஓரினும் வெர்னாவும் சுவரை ஒட்டி, படங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள், கையில் லென்ஸோடு. கர்ட் நடுவில் நின்றான்.

"மூணாவது," என்றாள் ஜோலீன்.

வெர்னா ஓரினைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிட்ட வந்து பாக்கலியே நீங்க," என்றார் ஓரின்.

"பாக்கலாமே." அவள் வந்தாள். ஓரின் லென்ஸைக் கொடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். அவள் குனிந்து நன்றாகவே பார்த்தாள், அவசரப்படவில்லை. "அட, ஆமாம். இது எழுத்தே இல்ல. வேடிக்கையா இருக்கு."

"அந்தப் பொம்பளைக்கு முகம் கெடையாது. கேமரால விழல. இதுவா ஒரு முகத்தைக் கொண்டுவந்து வச்சிருக்கு."

"சரிதான். ஆனா பாருங்க ஓரின்." அவள் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கதவு வரை பின்னால் போனாள். "எங்க தாழ்வாரம் இந்த அகலம். நடுவுல ஸ்ட்ரெச்சர் போகும். படுத்திருக்கறவங்க இங்கேர்ந்துதான் பாப்பாங்க, அதுவும் நகர்ந்துக்கிட்டே. இங்கேர்ந்து பாத்தா அந்த ரெண்டும் மங்கலா இருக்கு. இது தெளிவா இருக்கு. பயந்துபோய் வர்றவங்களுக்குத் தெளிவா ஒண்ணு கண்ணுல படணும். நீங்களே வந்து நின்னு பாருங்களேன்."

ஓரின் போய் அவள் பக்கத்தில் நின்றார். அத்தனை வருடத்தில் ஒரு படத்தை அங்கிருந்து அவர் பார்த்ததில்லை. மூன்று கப்பல்களும் பனிக்குள் வந்துகொண்டிருந்தன. மூன்றாவது கப்பல் மற்ற இரண்டையும்விட முன்னால் வந்திருந்தது. அதில் குளிர் தெரிந்தது, விளக்கு தெரிந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. பச்சை ஏற்றியிருக்கலாம் என்ற நினைப்பு வந்தது.

"எல்லாம் ஏப்ரலுக்குள்ள முடியுமா?" என்று ஜோலீன் கர்ட்டைக் கேட்டாள்.

கர்ட் மூன்றாவது படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பென்சில் எழுத்தைப் பார்த்தான். "இதுல முடியும்," என்றான்.

மறுநாள் காலையில் அட்டைகள் அடுக்கி வைக்கும் அறைக்கு ஓரினைக் கூப்பிட்டான். அங்கே ஒரே ஒரு நாற்காலி. இருவரும் உட்காரவில்லை.

"எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல ஓரின்."

ஓரினுக்கும் தூக்கம் இல்லை. அதைச் சொல்வது போட்டி போடுவது போல இருக்கும்.

"இந்த வாரத்தோட நிறுத்திக்கச் சொன்னா இன்சூரன்ஸ் இந்த பிப்ரவரியோட போயிடும். கார்லிஸ் விஷயம் எனக்குத் தெரியும். அதனால ஒரு வழி யோசிச்சேன். மார்ச் கடைசி வரைக்கும் இருங்க. மார்ச் முழுக்க இன்சூரன்ஸ் இருக்கும்."

"மார்ச் வரைக்கும் நான் என்ன பண்றது? பட்டனை அழுத்தறதா?"

கர்ட் அட்டை அடுக்கின் ஓரத்தை விரலால் சரிசெய்தான். "அந்த சாஃப்ட்வேருக்குப் பழக்கிவிடலாமாம். கடையோட ருசி இதுன்னு. நீங்க முடிச்ச பழைய ஃபைல் எல்லாத்தையும் அதுக்குக் குடுக்கணும். அது ரெண்டு ரெண்டா படம் காட்டிக் கேக்கும். நீங்க எது நல்லாருக்குன்னு சொல்லணும். நீங்க சொல்லிக் குடுத்தா அந்தப் பனி வெள்ளையெல்லாம் அப்படியே வந்துடும். அதுக்குச் சொல்லிக் குடுக்க இந்த ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்ல."

மெச்சித்தான் சொன்னான். முகத்தில் கள்ளம் இல்லை. ஓரினுக்கு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் மார்ச் மாதத்து இரண்டு ஊசிகள் போய்விடும்.

"சரி," என்றார்.

வேலை போன பிறகும் முழுப் பிரீமியத்தைக் கையிலிருந்து கட்டினால் இன்சூரன்ஸைத் தொடரலாம் என்று கர்ட் ஒரு தாளும் கொடுத்தான். வீட்டில் இருவரும் அதைப் படித்தார்கள். மாதா மாதம் கேட்ட தொகை வீட்டு வாடகையைவிடப் பெரிதாக இருந்தது. கார்லிஸ் தாளை மடித்து ரொட்டி டப்பாவின் கீழே வைத்தாள்.

மார்ச் முழுவதும் ஓரின் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்தார். சாஃப்ட்வேர் ஒரே படத்தை இரண்டு விதமாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கும். அவர் ஒன்றை அழுத்துவார். உடனே அடுத்த இரண்டு வரும். முதல் வாரத்தில் அது அசட்டுத்தனமாக இருந்தது. இரண்டுமே தப்பாக இருக்கும். மூன்றாவது வாரத்தில் இரண்டில் ஒன்று அவர் செய்வதைப் போலவே இருந்தது. இப்போதெல்லாம் எது தன் பழைய வேலை, எது அது செய்தது என்று அவரே தயங்க வேண்டியிருந்தது.

பின்னால் பிரிண்டர் ஓய்வில்லாமல் ஓடியது. ஆஸ்பத்திரிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. வெர்னா தனியாகச் சுருளைத் தூக்கினாள், தனியாக வெட்டினாள், ஃபைலையும் தானே போட்டாள். சம்பளம் ஏறவில்லை. மதியத்தில் இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி ஒன்றை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை ஓரின் பக்கம் தள்ளினாள்.

"தப்பா அழுத்து," என்றாள்.

"என்னது?"

"நல்லதை விட்டுட்டு மோசமானதை அழுத்து. தினமும் நாலஞ்சு. அது குழம்பிப் போவட்டும். பனியெல்லாம் மஞ்சளா வரட்டும். அப்ப தெரியும் கர்ட்டுக்கு."

ஓரின் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அப்ப யாரு பிரிண்டு பக்கத்துல நிப்பா?"

வெர்னா கையிலிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டினாள்.

"மஞ்சளா வந்தா யாரைக் கூப்பிட்டுத் திட்டுவான்? என்னையா? நான்தான் இருக்க மாட்டேனே. உனக்கு ரெண்டு பசங்க, உன் இன்சூரன்ஸும் அதே கடைதான்."

"நான் ஒண்ணும் உன்னைக் காப்பாத்தச் சொல்லலியே," என்றாள் வெர்னா. எழுந்து பிரிண்டர் பக்கம் போய், சரியாக இருந்த சுருளை அவிழ்த்துத் திரும்பவும் மாட்டினாள்.

மாதக் கடைசியில் கார்லிஸ் கடைக்கு ஃபோன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவது வழக்கமில்லை.

"மருந்துக் கடையிலேர்ந்து பேசறேன். ஊசி தர மாட்டேங்கறாங்க."

"ஏன்? இன்சூரன்ஸ் இன்னும் இருக்கே."

"இருக்கு. அது இருக்கறதாலதான் பிரச்சனையே. போன பெட்டி வாங்கி இன்னும் நாள் ஆகலயாம். முன்கூட்டியே கேட்டா கம்ப்யூட்டர் விடாதாம். ஏப்ரல் ரெண்டாம் தேதிக்கு வரச் சொல்றாங்க."

"ரெண்டாம் தேதி இன்சூரன்ஸ் இருக்காதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். அந்தக் கடைப் பொண்ணு பாவம், மூணு தடவை போட்டுப் பாத்துச்சு. சிவப்பாவே வருது." கார்லிஸின் பின்னால் யாரோ அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள். "ஃப்ரிட்ஜுல ஒண்ணு இருக்கு ஓரின். அதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறேன். வெயில் காலம்தானே வருது, வலி அவ்வளவு தெரியாது."

"நான் கர்ட்கிட்ட இன்னும் ரெண்டு நாள் கேட்டுப் பாக்கறேன்."

"கேளு. சண்டை போடாத."

ஓரின் ஃபோனை வைத்துவிட்டுக் கர்ட்டின் அறைக்குப் போனார். கர்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான், படங்களை மாட்டுவதைப் பார்க்க. மேசையில் அவனுடைய தொப்பி மட்டும் இருந்தது. ஃபோனில் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கர்ட் வந்தாலும் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியும். இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லிக் கணக்குப் பார்க்கும் ஆபீஸுக்குப் பெயர் எப்போதோ போயிருக்கும். நிஜமாகவே வருத்தப்படுவான்.

வெர்னா பிரிண்டர் பக்கத்திலிருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரையில் இரண்டு படங்கள் காத்திருந்தன. உறைந்த ஏரி, அதன் மேல் காலை வெளிச்சம். இடதுபக்கப் படத்தில் பனி கொஞ்சம் செத்திருந்தது. வலதுபக்கத்தில் பனி பனியாக இருந்தது; நிழலில் மட்டும் நீலம், அவர் வைக்கிற அளவு நீலம். எது நன்றாக இருக்கிறது என்று அது கேட்டது. ஓரின் இடதுபக்கத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பிரிண்டர் நின்று, அடுத்த படத்தைத் தொடங்கியது. வெர்னா குனிந்து காகிதத்தின் விளிம்பைப் பிடித்தாள்.

அவர் அம்புக்குறியை வலதுபக்கம் நகர்த்தி அழுத்தினார். அடுத்த இரண்டு வந்தன.